எருக்குழியில் வேலை செய்யும் கிருமிகள்

(ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர்கள் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



சங்கத்தில் பயிர்க் கடன் பெறும் குடியானவர்களில் பலர் அதில் ஒரு பாகத்தை உர மூட்டையாகவே வாங்கிக்கொள்கின்றனர். மூட்டை வீடு வந்து சேருகிறது. தொகை பேரேட்டில் ஏறுகிறது. அதே குடியானவரின் தொழுவத்துக்குப் பின்புறம் ஒரு குப்பைமேடும் இருக்கிறது. மாட்டுச் சாணம், தின்று கழித்த வைக்கோல், அடுப்புச் சாம்பல், வீடு கூட்டிய குப்பை யாவும் அதன்மேல் எறியப்படுகின்றன. சித்திரை வெயில் அதை உலர்த்துகிறது. ஐப்பசி மழை அதைக் கரைத்துத் தெருவில் ஓடவிடுகிறது. தெருவில் ஓடும் அந்தக் கறுப்புத் தண்ணீரும், கடன் வாங்கி மூட்டையில் கொண்டுவந்த சரக்கும் ஏறக்குறைய ஒன்றே என்பதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

கணக்கைச் சற்றுக் கவனிக்கவும். நன்கு மக்கிய தொழுவுரத்தில் நூற்றுக்குச் சுமார் அரைப் பங்கு தழைச்சத்து உண்டு. அதாவது ஒரு டன்னுக்கு 5 கிலோ. யூரியாவில் இது நூற்றுக்கு 46 பங்கு. ஆகவே ஒரு டன் எருவின் தழைச்சத்து சுமார் 11 கிலோ யூரியாவுக்குச் சமம். இதைக் கேட்டு எருவை இகழ்வாரும் உண்டு. ஆனால் யூரியாவில் மணிச்சத்தும் இல்லை, சாம்பல்சத்தும் இல்லை, மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தைப் பிடித்துவைக்கும் மக்கும் இல்லை. கோமூத்திரத்திலோ சாணத்தில் உள்ளதைவிடத் தழைச்சத்து அதிகம். பெரும்பாலான தொழுவங்களில் அது தரையில் சுவறி வீணாகிறது. மாடு நிற்குமிடத்தில் உலர்ந்த மண்ணைப் பரப்பி, நனைந்தபின் வாரிக் குழியில் இட்டால் அந்த நஷ்டம் நிற்கும். இதற்குச் செலவு ஒரு கூடை மண்தான்.

சாணத்தையும் கூளத்தையும் எருவாக்குவது யார்? கண்ணுக்குத் தெரியாத கிருமிகளே. கிருமி என்றவுடன் வாந்திபேதியை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. பாலைத் தயிராக்குவதும், அரைத்த மாவைப் புளிக்கவைப்பதும் கிருமிகளே அல்லவா? எருக்குழியில் அவை முறைவைத்து வேலை செய்கின்றன. இளகிய பொருள்களைத் தின்னும் கிருமிகள் முதலில் பெருகுகின்றன. அவற்றின் உழைப்பால் குழி சூடேறுகிறது. அவை தாங்க முடியாத உஷ்ணம் வந்ததும், சூட்டிலே வாழும் வேறு கிருமிகள் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நன்கு அமைந்த குழியில் உஷ்ணம் 60 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும். களை விதைகளும் ஈப்புழுக்களும் பெரும்பாலும் அதில் மாண்டுபோகும். சூடு தணிந்தபின் வைக்கோலின் கடினமான நாரை உடைக்கப் பூஞ்சணங்கள் வருகின்றன. குழியைக் கிளறும்போது வெள்ளை நூல்போல் படர்ந்திருப்பவை இவையே. எரு பூத்துக் கெட்டுவிட்டதென்று அதை அள்ளி வெளியே எறிவோர் உண்டு. வேலைக்காரனைக் கூலியும் கொடாமல் விரட்டுவதற்கு அது சமானம்.

இக்கிருமிகளுக்கு வேண்டுவன தீனி, தண்ணீர், காற்று. தீனியில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 30 பங்கு கரி இருந்தால் வேலை விரைவாக நடக்கும். நெல் வைக்கோலில் கரி இதைவிட மிகவும் அதிகம். சாணத்தில் 25 பங்குக்குள் அடங்கும். ஆகவே வைக்கோலை மட்டும் குவித்தால் மாதக்கணக்கில் வைக்கோலாகவே கிடக்கும். சாணத்தை மட்டும் குவித்தால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். இரண்டையும் அடுக்கடுக்காகக் கலந்திடல் வேண்டும். ஈரத்துக்குச் சோதனை எளிது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும், தண்ணீர் ஒழுகக்கூடாது. துர்நாற்றம் வீசினால் உள்ளே காற்றில்லை என்று அறிந்து உடனே கிளறிவிட வேண்டும்.

இம்முறையை ஒழுங்குபடுத்தியவர் ஆல்பர்ட் ஹோவர்ட். 1924 முதல் 1931 வரை இந்தூரில் பயிர்த்தொழில் ஆராய்ச்சி நிலையத்தை நடத்திய அவர், யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து தம் முறையை 1931-ல் நூலாக வெளியிட்டார். ஆழமில்லாத குழியில் கூளம், சாணம், மூத்திரம் ஊறிய மண், விறகுச் சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, மும்முறை கிளறி, மூன்று மாதத்தில் எரு எடுத்தார். தண்ணீரும் ஆளும் அரிதான இடங்களுக்குப் பெங்களூரில் ஆச்சார்யா 1939-ல் வகுத்த முறை ஏற்றது. அதில் குழியை மண்ணால் மெழுகி மூடிவிடுவார்கள். கிளறும் வேலையில்லை, ஆனால் ஆறு முதல் எட்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

கிருமியைப் புட்டியில் அடைத்து விற்பதைப் பற்றியும் கேள்வி எழுகிறது. சாதாரணத் தொழுவக் குப்பைக்கு அது அவசியமில்லை. சாணத்திலேயே கிருமி நிறைந்திருக்கிறது. பழைய எரு ஒரு கூடை தூவினால் போதும். காய்ந்த குவியலின்மேல் விலையுயர்ந்த புட்டியைக் கவிழ்த்துவிட்டுத் தண்ணீர் தெளிக்க மறப்பவருக்கு ஒரு பலனும் இராது. தென்னை நார்க்கழிவு போன்ற முரட்டுச் சரக்குக்கு மாத்திரம் விசேஷ உதவி வேண்டும். அதில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 112 பங்கு கரி இருக்கிறது. கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் சொல்லும் முறைப்படி, ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு, நிழலில் ஈரம் காயாமல் காத்தால், சுமார் ஒரு மாதத்தில் அந்த 112 பங்கு 24 ஆகக் குறைகிறது.

இனி, எருக்குழியின்மேல் குடியானவருக்கு ஏற்படும் அவநம்பிக்கைக்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அவசரத்தில் பாதி மக்கிய எருவை வயலில் கொட்டி நாற்று நடுகிறார். பத்துப் பதினைந்து நாளில் பயிர் வெளுத்து மஞ்சளாகிறது. எரு பயிரைக் கெடுத்தது என்று தீர்மானித்து, மறு வருஷம் மூட்டைக்கே திரும்புகிறார், கடனும் வளர்கிறது. உண்மை யாதெனில், வைக்கோல் முழுதும் மக்காததால் கிருமிகள் தம் வேலையை வயலிலே தொடர்ந்தன. அதற்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டன. பயிர் பட்டினி கிடந்தது. குழியைக் கிளறியபின் மீண்டும் சூடேறினால் எரு இன்னும் பக்குவமாகவில்லை. வைக்கோலின் உருவம் தெரியாமல் கறுத்து உதிர்ந்து, முதல் மழையில் மண்ணிலிருந்து எழும் வாசனை அதிலும் வந்தால் வயலுக்கு எடுக்கலாம்.

கிளறுவதற்கு ஆள் கூலி கொடுக்க முடியாதென்பது நியாயமான ஆட்சேபம். அண்டை வீட்டார் நால்வர் மாற்றாளாகச் சேர்ந்து, முறைவைத்து ஒவ்வொருவர் குழியையும் கிளறிக்கொள்ளலாம். பல வீடுகளில் தொழுவத்தைக் கூட்டி அள்ளுபவர்கள் பெண்கள். கூட்டத்துக்கு வருபவர்களோ பெரும்பாலும் ஆண்கள். இங்கே கேட்டதை வீட்டில் சொல்லாவிடில் குழி பழையபடி குப்பைமேடாகவே இருக்கும்.

குழி மேட்டுப் பாங்கான நிழலில், கிணற்றுக்கு எட்ட இருக்கட்டும். மழைத்தண்ணீர் இறங்காதபடி சுற்றிலும் வரப்பு போடவும். தை அறுவடை முடிந்து களம் காலியானதும் கழிவு வைக்கோல் மிகுதியாகக் கிடைக்கும். மாசியில் குழி நிரப்பினால் வைகாசியில் எரு பக்குவப்படும். ஆடிப் பட்டத்துக்கு வண்டி கட்டிவிடலாம்.