புலி வராத பயணம்

(பசுமைப்படை பொறுப்பாசிரியர்கள் கூட்டத்தில் நாமக்கல் மாவட்ட நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



எங்கள் பள்ளியிலிருந்து ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்களைச் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் வழியாக ஒருநாள் பேருந்துப் பயணம் அழைத்துச் சென்றோம். அதில் நான் செய்த தவறுகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் தவறு, ஒரு வாரமாக வகுப்பில் புலியைப் பற்றியே பேசியது. விடியற்காலையில் குமாரபாளையம் பாலத்தில் காவிரியைக் கடந்தபோதே, "புலி எங்கீங்க சார் வரும்?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

பண்ணாரியில் காடு தொடங்குகிறது. முதலில் முள்ளும் புதரும். அங்கிருந்து திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஏற ஏறக் காற்று குளிர்கிறது, மரங்கள் உயர்கின்றன. ஆசனூரைத் தாண்டிக் காரப்பள்ளம் வரை சென்று திரும்பினோம். புள்ளிமான், மயில், குரங்கு எல்லாம் பார்த்தோம். புலி வரவில்லை.

இரண்டாவது தவறு ஒரு வளைவில் நடந்தது. பேருந்து வேகம் குறைந்தபோது பிள்ளைகள் ஜன்னல் வழியாகக் குரங்குகளுக்கு பிஸ்கட் வீசினார்கள். அந்த பிஸ்கட்டை வாங்கிக் கொடுத்தவன் நான். வீசக்கூடாது என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

அந்தப் பாடத்தைக் காரப்பள்ளம் சோதனைச் சாவடி நடத்தியது. அங்கே சாலையோரம் கிடந்த யானைச் சாணத்தில் கரும்புச் சக்கை தெரிந்தது. ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் லாரிகளை யானைகள் மறித்துக் கரும்பு எடுத்துப் பழகிவிட்டன என்று வனக் காவலர் விளக்கினார். லாரியிலிருந்து சிந்துவதும், சிலர் தூக்கிப் போடுவதும்தான் அவற்றைச் சாலைக்கு வரவழைக்கின்றன. சாலைக்கு வந்த விலங்கு அடிபடலாம். மனிதரைத் தாக்கவும் செய்யலாம். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் மெதுவாகச் சொன்னான்: "எங்கப்பாவும் கரும்பு லோடு ஏத்தறவருங்க சார்." திரும்பும்போது யாரும் எதையும் வீசவில்லை.

ஆனால் ஒரு சிறுமியின் முகம் வாடியே இருந்தது. "புலி இல்லாத காட்டுக்கா சார் கூட்டிட்டு வந்தீங்க?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

மறுநாள் கணக்குப் பாடவேளையில் பதில் தேடினோம். காப்பகத்தின் பரப்பு சுமார் 1,411 சதுர கி.மீ. 2022இல் புலிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியதற்கான சர்வதேச விருது இக்காப்பகத்துக்குக் கிடைத்தபோது சொல்லப்பட்ட எண்ணிக்கை சுமார் 80. வகுத்தால், ஒரு புலிக்கு ஏறத்தாழ 18 சதுர கி.மீ. நாங்கள் பார்த்தது எவ்வளவு? சுமார் 30 கி.மீ. சாலை, இருபுறமும் 50 மீட்டர் என்று வைத்தாலும் 3 சதுர கி.மீ.தான். அந்தச் சிறுமியே கரும்பலகையில் கணக்கை முடித்துவிட்டு, "நாமதான் சார் அதைத் தேடிப் போகல" என்றாள்.

பிறகு வரைபடத்தை விரித்தோம். அந்தக் காட்டின் ஓரமாக ஓடும் மோயாறு பவானிசாகர் அணையில் பவானியோடு சேர்கிறது. பவானி, கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. அதற்குக் கீழே நம் மாவட்டத்துக் கரையில் எடுக்கும் ஒவ்வொரு குடம் தண்ணீரிலும் அந்தக் காட்டின் பங்கு இருக்கிறது. புலியைவிட இதுதான் பிள்ளைகளை வியக்க வைத்தது.

அமெரிக்காவின் அலாஸ்காவில் தெனாலி தேசியப் பூங்கா இருக்கிறது. பரப்பு சுமார் 60 லட்சம் ஏக்கர். உள்ளே செல்ல ஒரே சாலை. கோடையில் முதல் 24 கி.மீ.க்கு அப்பால் பொதுவாகச் சொந்த வாகனங்களுக்கு அனுமதி இல்லை. பேருந்தில்தான் போக வேண்டும். பலர் ஒரே வண்டியில் போனால் காட்டுக்குத் தொல்லை குறைவு. திம்பம் சாலையிலும் 2022 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. காட்டுக்குள் நாம் விருந்தாளிகள் என்பதே இரண்டுக்கும் அடிப்படை.

ஆகவே, பயணம் திட்டமிடும் ஆசிரியர்களுக்கு மூன்று வேண்டுகோள். எந்த விலங்கையும் காட்டுவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். தின்பண்டப் பையைப் பண்ணாரிக்கு முன்பே கட்டி வைத்துவிடுங்கள். மறுநாள் ஒரு பாடவேளையைப் பயணத்துக்கென்றே ஒதுக்குங்கள். எங்கள் பயணம் உண்மையில் அன்றுதான் நிறைவடைந்தது.