பனிக்கட்டியில் தலைகீழாக

கடலடியில் பூ மாதிரி விரிந்திருக்கிற கடல் சாமந்தியைப் பார்த்திருப்பீர்கள். அது பூ இல்லை. வாயைச் சுற்றி விஷ இழைகளை விரித்துவைத்து, மாட்டுகிற இரையை விழுங்கும் பிராணி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு.

அலையடிக்கிற பாறையிலும் இருக்கும். வெயிலே எட்டாத ஆழத்திலும் இருக்கும். 2010-ல் அண்டார்டிகாவின் ராஸ் பனித்தட்டைத் துளைத்து, கேமரா பொருத்திய ரோபோவை உள்ளே இறக்கினார்கள். பனியின் அடிப்பரப்பில் உடம்பைப் புதைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான சாமந்திகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன! 2013-ல் அதைப் புது இனமாக அறிவித்தார்கள்.

பவளத்துக்கு வெப்பக் கடல்தான் தாய்வீடு. சாமந்திக்கும் அப்படித்தான் என்று நினைப்போம். கணக்கெடுத்துப் பார்த்தால், நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் 30 முதல் 40 பாகை வரையுள்ள மிதமான கடல்களில்தான் இனங்கள் அதிகம்.

கோமாளி மீனுக்கு இடம் கொடுக்கிற சாமந்திகள் சுமார் பத்து இனம்தான். அவை இந்திய, பசிபிக் பெருங்கடல்களில் வாழ்கின்றன. நம் மன்னார் வளைகுடாவிலும் சில உண்டு. அட்லாண்டிக்கில் கோமாளி மீனே கிடையாது.

ஆக, மீனோடு சேர்ந்து புகழ் பெற்றவர்கள் பத்துப் பேர். மற்ற ஆயிரம் பேரும் விளம்பரமே இல்லாமல் நன்றாகத்தான் பிழைக்கிறார்கள்!