கல்லின் வன்மையும் அதைச் சோதிக்கும் முறையும்



மலைநாட்டவராகிய நமக்குக் கல் புதிதன்று. தேயிலை மலையில் காலை இடறுவதும் கல்லே. பொகவந்தலாவையிலும் இரத்தினபுரியிலும் தோண்டி எடுத்து விலை பேசுவதும் கல்லே. பிறர் சொல்லை நம்பிக் கல்லை வாங்கிக் கைப்பணத்தை இழப்போரும் உளர். ஆதலால் கல்லின் வன்மையைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றோம்.

வன்மை என்பது யாது? அடித்தால் உடையாமை என்றே பலர் எண்ணுகின்றனர். அது தவறு. கீறலைத் தாங்கும் தன்மையே வன்மை. வைரத்தைப் பட்டடையில் வைத்து அடித்தாலும் உடையாதென முற்காலத்தில் நம்பினர். உண்மையில் ஓங்கி அடித்தால் வைரமும் பிளந்துவிடும். ஆகவே சுத்தியலால் சோதிப்பவர் நல்ல கல்லையே நாசமாக்குவார்.

1812ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பிரடெரிக் மோஸ் பத்துக் கனிப்பொருள்களை வரிசைப்படுத்தினார். டல்க் 1, ஜிப்சம் 2, கல்சைற் 3, புளோரைற் 4, அப்பற்றைற் 5, பெல்ஸ்பார் 6, படிகக்கல் 7, தோபாஸ் 8, குருந்தம் 9, வைரம் 10. எண் கூடியது எண் குறைந்ததைக் கீறும். நம் நகத்தின் வன்மை ஏறக்குறைய இரண்டரை, பேனாக்கத்தியினது ஐந்தரை. எப்பாவலையில் உரத்திற்காக எடுக்கப்படுவது அப்பற்றைற். மாணிக்கமும் நீலக்கல்லும் குருந்த இனத்தவை. அதன் ஆங்கிலப் பெயரே நமது ‘குருந்தம்’ என்ற சொல்லின் வழிவந்தது.

இவ்வெண்கள் வரிசையை மட்டுமே காட்டும். குருந்தத்திற்கும் வைரத்திற்கும் எண்ணில் ஒன்றே வித்தியாசம். வன்மையிலோ வைரம் ஏறக்குறைய நான்கு மடங்கு. போகலைச் சுரங்கத்துக் காரீயமும் வைரத்தைப் போலக் கரியே. வைரத்தில் ஒவ்வோர் அணுவும் நான்கு அயல் அணுக்களுடன் இறுகப் பிணைந்துள்ளது. காரீயத்தில் அணுக்கள் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டு எளிதில் வழுக்குகின்றன. அதனாலேயே அது தாளில் எழுதுகிறது.

சோதிக்கும் முறை எளிது. பட்டை தீட்டாத கல்லின் மறைவான ஓரத்தில், வன்மை தெரிந்த பொருளால் சிறு கீறு இடவேண்டும். பின்பு துடைத்துப் பார்க்கவேண்டும். மென்மையான பொருளின் தூள் படிந்து கீறல்போலத் தோன்றுவதுண்டு. துடைத்தும் அழியாததே மெய்யான கீறல். பிறகு மாற்றிக் கீறி உறுதி செய்யலாம். பட்டை தீட்டிய இரத்தினத்தை மட்டும் கீறலாகாது.

‘மாத்தறை வைரம்’ எனப்படுவது நிறமற்ற சிர்க்கோன். பளபளப்பில் அது வைரத்தை ஒக்கும். ஆனால் குருந்தம் அதைக் கீறிவிடும். கண்ணாடியைப் படிகக்கல்லே கீறும். எனினும் இச்சோதனைக்கு ஓர் எல்லையுண்டு. 1902இல் பிரெஞ்சு அறிஞர் வேர்னோய் மாணிக்கத்தைச் செயற்கையாக ஆக்கும் முறையை வெளியிட்டார். அதன் வன்மையும் 9 தான்! ஒரு கல் இன்னது அன்று என்பதை வன்மை சொல்லும். இயற்கையானதா, என்ன விலை பெறும் என்பதைச் சொல்லாது. அதற்குத் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையின் பரிசோதனைக் கூடத்தை நாடவேண்டும்.

சகோதரர்களே, எவர் சொன்னாலும் மெய்ப்பொருளைத் தேர்ந்தறிவதே அறிவென்றார் வள்ளுவர். கல்லை வாங்குமுன் அவர் சொல்லை நினைப்போமாக.