எல்லைப்புறத் தொல்சின்னங்களும் தன்னார்வக் கழகங்களும்

கேரளத்தில் கிழக்கு நோக்கிப் பாயும் ஆறுகள் மூன்றே. அவற்றுள் பவானி பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி வழியாகவும், பாம்பாறு இடுக்கி மாவட்டத்து மறையூர்ப் பகுதி வழியாகவும் தமிழகம் புகுந்து காவிரியோடு கலக்கின்றன. நீர் சென்ற வழியே மக்களும் நெடுங்காலமாகப் போய்வந்துள்ளனர். மறையூர், காந்தளூர் முதலிய அஞ்சுநாட்டு ஊர்களில் தமிழ் இன்றும் வழங்குகிறது. கேரள மாநிலம் 1956இல் அமைந்தது. அங்குள்ள பெருங்கற்காலச் சின்னங்களோ ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை.

மறையூர்ப் பாறைகளின்மீது பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்து அமைக்கப்பட்ட கல்திட்டைகள் காணப்படுகின்றன. அண்மையிலுள்ள சந்தனக் காட்டில் பாறை ஓவியங்களும் உண்டு. காட்டினுள் இருப்பவற்றுக்கு வனக் காவல் தற்செயலாகக் கிடைத்த அரண். வெட்டவெளியில் நிற்பவற்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை. மூடுகல் சரிந்தும் பலகை உடைந்தும் பல அழிந்துவிட்டன.

பாலக்காட்டின் நிலை வேறு. மலம்புழா அணை 1955இல் பாசனத்துக்குத் திறக்கப்பட்டது. அந்நீர்த்தேக்கத்தின் தீவு போன்ற மேடுகளில், சுமார் 45 எக்டேர் பரப்பில், 110க்கு மேற்பட்ட பெருங்கற்காலச் சின்னங்களை இந்தியத் தொல்லியல் துறை கண்டறிந்ததாக 2025இல் அறிவித்தது. பெரும்பாலானவை கற்பதுக்கைகள். அணை வயலுக்கு நீர் தந்தது, அதனைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் எழுபது ஆண்டுக்காலம் இவை எந்தப் பதிவேட்டிலும் உரிய இடம் பெறாதிருந்தது சிந்திக்கத்தக்கது. மீன்பிடிப்போரும் ஆடு மேய்ப்போரும் கண்டிருக்கக்கூடியதை அரசுக்குத் தெரிவிக்கும் வாயில்தான் இல்லை.

அந்த வாயிலாக அமையத்தக்கவை தன்னார்வக் கழகங்களே. தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் ‘ஆவணம்’ என்னும் இதழை வெளியிட்டு, பல்கலைக்கழக அறிஞரோடு ஊர்ப்புற ஆர்வலரின் புதிய கண்டுபிடிப்புகளுக்கும் இடமளித்துள்ளது. கீழடியில் அகழாய்வு தொடங்குவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே, 1970களில், அவ்வூர்ப் பள்ளியின் வரலாற்று ஆசிரியர் ஒருவர் மாணவர் கொணர்ந்த பொருள்களைப் பேணித் துறைக்குத் தெரிவித்தார். பிரிட்டனில் 1944இல் தோன்றிய தொல்லியல் மன்றம் ஆர்வலரையும் வல்லுநரையும் ஒருங்கே இணைத்தது.

மக்களிடம் செல்வோர் முதலில் மக்களின் சொல்லைக் கற்றாக வேண்டும். ‘பெருங்கற்காலச் சின்னம் எங்கே?’ என்று கேட்பவருக்கு விடை கிடைக்காது. ‘முனியறை எங்கே?’ என்றால் சிறுவனும் வழிகாட்டுவான். தமிழகத்தில் பாண்டவர் குழி என்றும் மோரியர் வீடு என்றும் இவற்றுக்குப் பெயர்கள் உண்டு.

இவற்றின் பெரும் பகை புதையல் ஆசையாகும். பதுக்கைகளில் கிடைப்பவை பெரும்பாலும் மட்பாண்டங்களும் இரும்புக் கருவிகளும் மணிகளுமே என்பதை ஊர்க் கூட்டங்களில் விளக்குதல் முதற்பணி. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருளைக் கண்டவரும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு அதனைக் கையகப்படுத்துமாயின், பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக அளிக்கும். பொருளியல் நோக்கில் இது நல்ல ஊக்கமே. ஆனால் பொன்னுக்குத்தான் அது பொருந்தும். எழுத்துப் பொறித்த பானையோட்டுக்குச் சந்தையில் பொருள்மதிப்பு ஏது? அதனை ஒப்படைப்பவருக்கு ஊரறியப் பாராட்டும், அருங்காட்சியகக் குறிப்பில் அவர் பெயரும் தருதல் செலவில்லாத ஊக்கம்.

கழகத்தினர் மண்வெட்டி எடுக்கலாகாது. அகழ்தல் துறையின் பணி. ஒருமுறை கலைந்த மண்ணடுக்கை மீண்டும் அடுக்க இயலாது. இருக்கும் இடத்தைக் குறித்தல், அளத்தல், படமெடுத்தல், நில அளவை எண்ணோடு எழுதித் தெரிவித்தல் ஆகியவையே அவர்களுக்குரியன. பள்ளி மாணவரை அழைத்துச் சென்று காட்டுவதும் அவ்வாறே.

தெரிவித்தபின் நடப்பதே அலுவலர்களைச் சார்ந்தது. தமிழகத்துக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டமும் கேரளத்துக்கு 1968ஆம் ஆண்டுச் சட்டமும் தனித்தனியே உள்ளன. உடுமலைப்பேட்டையிலிருந்து சென்ற ஆர்வலர் மறையூரில் ஒரு கல்திட்டையைக் கண்டு தமிழில் எழுதினால், அக்கடிதம் எம்மேசைக்குச் செல்லும்? இரு மாநிலத் தொல்லியல் துறைகளும் எல்லை மாவட்டங்களுக்கெனப் பொதுவான படிவம் ஒன்றை இரு மொழிகளிலும் அச்சிட்டு, ஊராட்சி அலுவலகங்களிலும் வனச் சாவடிகளிலும் வைக்கலாம். பெற்றுக்கொண்டமைக்கு ஒப்புச்சீட்டு தருவதும், கல்லுடைப்புக்கு உரிமம் வழங்குமுன் அப்படிவங்களைப் பார்வையிடுவதும் வருவாய்த் துறையினரின் கடமையாதல் வேண்டும்.