சர்வர் எழுதும் நாட்குறிப்பு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"உன் வேலையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசு, பசங்களுக்குப் புரியணும்" என்று செயலாளர் அண்ணன் கட்டளையிட்டார். என் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். நான் லாக் படிக்கிறவன்.

வங்கி, மருத்துவமனை, டிக்கெட் கவுன்ட்டர் என்று எங்கே போனாலும் திரைக்குப் பின்னால் ஒரு டேட்டாபேஸ் இருக்கிறது. நிரல் அதனிடம் கேட்கும் கேள்விக்குத்தான் குவெரி என்று பெயர். ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் 1970-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது இந்த முறை. அதிக நேரம் பிடித்த குவெரிகளை சர்வரே ஒரு கோப்பில் எழுதி வைக்கும். மைஎஸ்க்யூஎல்-இல் இதை ஸ்லோ குவெரி லாக் என்பார்கள். ஆனால் ஒன்று, நாமாக இயக்கினால்தான் அது எழுதும். அப்படி இயக்கினாலும், நாம் எல்லையை மாற்றாவிட்டால் 10 விநாடியைத் தாண்டியதை மட்டுமே குறிக்கும். கவுன்ட்டரில் வரிசையில் நிற்பவருக்குப் பத்து விநாடி என்பது ஒரு யுகம் அல்லவா?

அனுபவத்தில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பெரிய மருத்துவமனை, பெயர் வேண்டாம். காலை 8 மணி முதல் 11 மணி வரை புறநோயாளிகள் பதிவு திணறும். "தம்பி, போன் நம்பரைத் தட்டிட்டு ஒவ்வொரு தடவையும் காத்துக்கிட்டே இருக்கோம். வயசானவங்க நின்னுக்கிட்டே இருக்காங்க, எங்களைத்தான் திட்டறாங்க" என்றார் கவுன்ட்டர் அம்மா. பெரிய சர்வர் வாங்குவதற்குக் கொட்டேஷன் மேஜைக்கு வந்துவிட்டது. "ஒரே ஒரு நாள் பொறுங்க சார்" என்று கேட்டுக்கொண்டு, எல்லையை ஒரு விநாடியாகக் குறைத்து லாக்கை இயக்கினோம்.

மறுநாள் ஆயிரக்கணக்கான வரிகள். இதைக் கண்ணால் படிக்க முடியாது. ஒவ்வொரு குவெரியிலும் உள்ள பெயர், எண் போன்றவற்றை எடுத்துவிட்டு, ஒரே அச்சில் வார்த்தவற்றை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்-உடன் வரும் மைஎஸ்க்யூஎல் டம்ப்ஸ்லோ என்ற சிறு கருவியே இதைச் செய்யும். பெர்கோனா கருவித் தொகுப்பில் இன்னும் விரிவான கருவி இருக்கிறது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பட்டியலில் முதலில் கண்ணில் பட்டது 40 விநாடி எடுத்த ஒரு ரிப்போர்ட். அது நள்ளிரவில் ஒரு தடவை ஓடுவது, யாருக்கும் தொந்தரவில்லை. கீழே 1.2 விநாடி எடுக்கும் ஒரு குவெரி பேசாமல் உட்கார்ந்திருந்தது. காலையில் மட்டும் 3,000 தடவை! பெருக்கிப் பாருங்கள்: 3,600 விநாடி, முழுசாக ஒரு மணி நேரம். ஆகவே, ஒரு தடவைக்கு எவ்வளவு என்று பார்க்காதீர்கள். மொத்தம் எவ்வளவு என்று பாருங்கள்.

அது போன் நம்பரைத் தேடும் குவெரி. லாக்கில் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்: புரட்டிய வரிசைகள், கொடுத்த வரிசைகள். இங்கே 9 லட்சம் புரட்டி, ஒன்றே ஒன்றைக் கொடுத்திருந்தது. நூலகத்தில் அட்டைப் பெட்டியைப் பார்க்காமல் எல்லா அலமாரியையும் துழாவுவது மாதிரி. டேட்டாபேஸின் அட்டைப் பெட்டிதான் இன்டெக்ஸ். போயிங் ஆய்வகத்தில் பேயரும் மெக்கிரைட்டும் உருவாக்கிய பி-ட்ரீ அமைப்பில், 9 லட்சத்தில் ஒன்றை மூன்று நான்கு படிகளில் எட்டிவிடலாம்.

வேடிக்கை என்னவென்றால், அங்கே இன்டெக்ஸ் இருந்தது! போன் நம்பர் எழுத்துச் சரமாகச் சேமிக்கப்பட்டிருந்தது. நிரலோ மேற்கோள் குறியில்லாமல் வெறும் எண்ணாக அனுப்பியது. அப்படி வந்தால் மைஎஸ்க்யூஎல் ஒவ்வொரு வரிசையையும் எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடும். இன்டெக்ஸை அதற்குப் பயன்படுத்த முடியாது. போஸ்ட்கிரெஸ்ஸாக இருந்தால் பிழை என்று அப்போதே முகத்தில் அடித்திருக்கும். மேற்கோள் குறியைச் சேர்த்தோம், அவ்வளவுதான். கொட்டேஷன் கோப்புக்குள் போயிற்று. "இதை எழுதினது யாரு?" என்று ஒருவர் கோபப்பட்டார். எழுதியபோது நோயாளிகள் சில ஆயிரம்தான். முழுவதும் புரட்டினாலும் கண்ணிமைக்கும் நேரம். அவரைத் திட்டி என்ன பயன்?

லாக்கை மட்டுமே நம்பிவிடவும் கூடாது. ஒரு திரையைத் திறக்க 200 சின்னக் குவெரிகள் ஓடினால், ஒவ்வொன்றும் எல்லைக்குக் கீழேயே தப்பிவிடும். அதற்காக எல்லாவற்றையும் எழுதச் சொன்னால் டிஸ்க் நிரம்பிவிடும். கொஞ்ச நேரம் மட்டும் எல்லையைப் பூஜ்யமாக்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றிவிட வேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸில் மொத்தக் கணக்கை மட்டும் வைத்துக்கொள்ளும் பி.ஜி. ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் என்ற வசதி இருக்கிறது.

மாணவர்களுக்கு முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். அந்த லாக்கில் இருப்பது வெறும் குவெரி இல்லை. யார் வந்தார், எந்த நோய்க்கு, எந்தப் போன் நம்பர், எல்லாம் அப்படியே இருக்கும். சர்வர் அவற்றைத் தானாக மறைத்துத் தராது. "ஃபைலை மெயில்ல அனுப்புங்க, பார்த்துடறோம்" என்று வெளியிலிருந்து ஒருவர் கேட்டார். விவரங்களை நீக்கிய தொகுப்பை மட்டுமே கொடுத்தோம். இரண்டு நாள் தாமதம், கொஞ்சம் மனஸ்தாபமும்கூட. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் நிறைவேறியிருக்கிறது. சட்டம் இருக்கட்டும்; அந்த வரிசையில் நம் அம்மா நின்றிருந்தால் என்ன செய்வோமோ, அதைச் செய்தால் போதும்.

லேபில் இலவசமாகக் கிடைக்கும் டேட்டாபேஸ் ஒன்றை நிறுவுங்கள். பத்து லட்சம் கற்பனை வரிசைகளை ஏற்றி, லாக்கை இயக்கி, எக்ஸ்ப்ளெய்ன் கட்டளையால் அது எந்த வழியில் தேடுகிறது என்று பாருங்கள். ஒரு சனிக்கிழமை போதும். தேவைப்பட்டால் கூப்பிடுங்கள், நானே வருகிறேன்.