பெரும் பதிவேடும் சிறு திரையும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கணினி பற்றி ஏதாவது பேசும்படி செயலாளர் கேட்டபொழுது, எட்டாத விஷயங்களை எடுத்துக் காலத்தைப் போக்காமல், நாமே பிழைவிட்டுக் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்வதே முறை என்று எண்ணினோம். ஆயிரக்கணக்கான பதிவுகள் கொண்ட பட்டியலொன்றை இணையப் பக்கத்திற் காட்டும்பொழுது அந்தப் பக்கம் ஏன் அசைய மறுக்கிறது, அதனை விரைவாக்குவது எப்படி என்பதே இன்றைய பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வைத்தியசாலையின் கிளினிக் பதிவேட்டைக் கணினியில் அமைத்துக் கொடுக்கும் வேலையை நாம் ஏற்றுக்கொண்டோம். எம்மிடம் இருந்தது நல்ல கணினி. சோதனைக்காக இட்ட பெயர்களோ 200. பொத்தானை அழுத்தியதும் பட்டியல் வந்து நின்றது. மகிழ்ச்சியோடு கொடுத்துவிட்டு வந்தோம். பழைய கொப்பிகளில் இருந்த பெயர்கள் எல்லாம் ஏற்றப்பட்டுத் தொகை 30,000ஐத் தாண்டியதும் அங்கிருந்து அழைப்பு வந்தது. சென்று பார்த்தோம். இலிகிதரின் மேசையில் இருந்த கணினி பழையது. அவர் பக்கத்தைத் திறந்தார். திரை வெளுத்தது, பிறகு ஒன்றும் நடக்கவில்லை. எதிரே வாங்குகளில் நீரிழிவு நோயாளர் இருந்தனர். இரத்தப் பரிசோதனைக்காக விடியுமுன் வெறுவயிற்றோடு வந்தவர்கள். ஒரு முதிய அம்மா கிளினிக் கொப்பியை மடியில் வைத்தபடி, "தம்பி, முந்தியெண்டால் அந்தப் பெரிய கொப்பியைப் பாத்துக் கெதியாய்க் கூப்பிடுவினம்" என்றார். அவர் குறை கூறவில்லை, உள்ளதைச் சொன்னார். எமக்குத்தான் முகம் கறுத்தது.

மனிதன் எவ்வளவு நேரம் பொறுப்பான் என்பதைப் பற்றி 1968ஆம் ஆண்டிலேயே ரொபேட் மில்லர் என்பவர் எழுதியிருக்கிறார். 1993இல் ஜேக்கப் நீல்சன் அதை மூன்று எல்லைகளாக எடுத்துரைத்தார். பத்தில் ஒரு செக்கனுக்குள் விடை வந்தால் உடனே வந்ததாகத் தோன்றும். ஒரு செக்கன் வரை எண்ணத்தின் ஓட்டம் அறுவதில்லை. பத்துச் செக்கனைக் கடந்தால் மனம் வேறிடம் போய்விடும். எமது பக்கம் இந்த மூன்று எல்லைகளையும் கடந்து நின்றது.

"லைன் ஸ்லோ" என்று சொல்லித் தப்புவது எம் எல்லோருக்கும் வழக்கம். நாமும் முதலிற் கம்பியின்மேற்றான் பழியைப் போட்டோம். அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. இப்பொழுது கணினிகளிற் பெருவழக்காயுள்ள யூ.ரி.எவ்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைற் இடம் கொள்ளும். 'யாழ்ப்பாணம்' என்ற சொல்லில், காலும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால், 11 குறிகள் உண்டு. ஆகவே 33 பைற். அதே ஊரின் ஆங்கிலப் பெயருக்கு 6 பைற் போதும். நோயாளர் ஒருவருக்கு 500 பைற் என்று கொண்டாலும் 30,000 பேருக்கு 15 மெகாபைற் ஆகிறது. ஒரே ஊர்ப் பெயர்களும் ஒரே சொற்களும் திரும்பத் திரும்ப வரும் இத்தகைய பட்டியல் நன்றாகச் சுருங்கும். சேர்வரில் 'ஜிசிப்' என்னும் சுருக்கும் முறையை நாம் இயக்காமலே விட்டிருந்தோம். இயக்கினோம், வந்துசேரும் நேரம் குறைந்தது. ஆயினும் திரை முன்போலவே உறைந்து கிடந்தது.

ஏனென்றால், பெருஞ்சுமை உலாவியின் தலையில் இருந்தது. ஒரு வரியில் எட்டுக் கட்டங்கள். வரியையும் சேர்த்தால் ஒன்பது உறுப்புகள். 30,000 வரிகளுக்கு 270,000 உறுப்புகள். ஒவ்வொன்றையும் ஆக்கி, அதன் எழுத்தும் நிறமும் தீர்மானித்து, இடத்தைக் கணக்கிட்டு, பின்னரே உலாவி வரைய வேண்டும். அட்டவணையின் நிரல்களுக்கு அகலம் குறித்துக் கொடாவிட்டால், எந்தப் பெயர் மிக நீளமானது என்று எல்லாக் கட்டங்களையும் பார்த்த பிறகே அகலம் தீரும். இதற்கெல்லாம் மேலாக, பக்கத்தை அமைப்பதும் பொத்தானின் அழுத்தலைக் கேட்பதும் பெரும்பாலும் ஒரே வேலையாளின் பொறுப்பு. அவன் 270,000 உறுப்புகளோடு மல்லாடும்பொழுது இலிகிதர் எத்தனை தரம் அழுத்தினாலும் அவனுக்குக் கேளாது. திரை செக்கனுக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது என்றால், ஒரு தடவைக்குரிய நேரம் செக்கனின் ஆயிரத்திற் பதினேழு பங்குக்கும் குறைவு. அதற்குள் முடியாத வேலை எல்லாம் கண்ணுக்குத் தடங்கலாகத் தெரியும்.

அந்தத் திரையில் ஒரே நேரத்திற் கண்ணுக்குத் தெரிபவை 25 வரிகள். கலியாண வீட்டில் கிடாரத்துச் சோறு முழுவதையும் ஓர் இலையில் எவரும் கொட்டுவதில்லை அல்லவா? ஆகவே 40 வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு, பட்டியலை உருட்ட உருட்ட மேலே மறைந்த வரியை எடுத்துக் கீழே புதுப் பெயரோடு பயன்படுத்தும் வழியை அமைத்தோம். இது எமது கண்டுபிடிப்பன்று. கைத்தொலைபேசிகள் இப்படித்தான் நீண்ட பட்டியல்களைக் காட்டுகின்றன. அன்ட்ரொயிட்டில் 2014இல் வந்த 'றீசைக்கிளர்வியூ' என்ற உறுப்பின் பெயரே மறுபயன்பாட்டைக் குறிக்கும். ஆனால் இதில் ஒரு குறை உண்டு. பக்கத்தில் இல்லாத வரியை உலாவியின் தேடும் வசதி கண்டுபிடியாது. கண்பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் கருவிக்கும் மொத்த வரிகள் எத்தனை என்று தனியே சொல்லிவைக்க வேண்டும். 2020இல் குறோம் உலாவியில் வந்த 'கொன்ரென்ற் விசிபிலிற்றி' என்ற ஏற்பாடு, பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்ட பக்கத்தில், திரைக்கு வெளியே உள்ள பகுதிகளை அமைக்கும் வேலையைத் தள்ளிப்போடுகிறது. எழுத்துகள் பக்கத்திலேயே இருப்பதாற் தேடலும் நடக்கும். நடுத்தரமான பட்டியலுக்கு அதுவே போதும் என்பது எம் கருத்து.

திரை அசைந்தது. ஆனாலும் 30,000 பெயர்களும் காலைதோறும் கம்பி வழியே வந்துகொண்டுதான் இருந்தன. அடுத்த படியாக, சேர்வரிலிருந்தே 50 பெயர்களாகக் கேட்டு வாங்கினோம். இங்கேயும் ஒரு குழி இருந்தது, அதிலும் விழுந்தோம். "முதல் 20,000 பேரை விட்டு அடுத்த 50 பேரைத் தா" என்று தரவுத்தளத்தைக் கேட்பது 'ஒவ்செற்' முறை. விடச்சொன்ன வரிகளையும் தரவுத்தளம் கணக்கிட்டே தீரவேண்டும் என்று போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் கைந்நூலே எச்சரிக்கிறது. முதற் பக்கம் விரைவாய் வரும். பின் பக்கங்கள் போகப்போகத் தாமதிக்கும். இடையில் ஒருவர் புதிதாய்ச் சேர்க்கப்பட்டாலோ, முன்பு பார்த்த பெயர் அடுத்த பக்கத்தில் மீண்டும் தலைகாட்டும்.

இதற்கு மாற்று, "கடைசியாகப் பார்த்த பெயருக்குப் பின் வரும் 50 பேரைத் தா" என்று கேட்பது. பெயர்வரிசையில் ஒரு சுட்டு இருந்தால் தரவுத்தளம் அந்த இடத்துக்கு நேரே போகும். அத்தகைய சுட்டுகள் பெரும்பாலும், பேயரும் மக்கிறைற்றும் 1972இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கிய 'பி-மரம்' என்ற அமைப்பைச் சேர்ந்தவை. ஒவ்வொரு கணுவிலும் 200 கிளைகள் இருந்தால் மூன்றே படிகளில் 80 இலட்சம் பதிவுகளுள் ஒன்றை அடையலாம். ஒரே பெயர் பலருக்கு இருக்குமாகையால் பெயரோடு கிளினிக் இலக்கத்தையும் சேர்த்தே வரிசைப்படுத்த வேண்டும். எம் பதிவேட்டிற் கந்தசாமிகள் எத்தனை பேர் என்பதை அப்பொழுதுதான் கண்டோம்!

வரிசை என்றதும் மற்றொரு தொல்லை. யூனிகோட்டில் னகரம் நகரத்தை அடுத்து இருக்கிறது. நெடுங்கணக்கிலோ அது மெய்களின் கடைசியில் வருவது. குறி எண்ணின்படி அடுக்கினால் 'கனகம்' முன்னும் 'கமலம்' பின்னும் வரும். நாம் படித்த முறைக்கு அது தலைகீழ். தமிழ் வரிசை விதியைக் கேள்வியில் மட்டும் சொல்லி, சுட்டினை வேறு விதிப்படி ஆக்கிவைத்தால் அந்தச் சுட்டு அவ்வரிசைக்குப் பயன்படாது. எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் புதிதாக அடுக்க வேண்டியிருக்கும். இரண்டையும் ஒரே விதிக்குள் கொண்டுவர எமக்கு ஒரு முழுநாள் பிடித்தது.

இவ்வளவும் செய்த பின்னரே, முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இலிகிதரிடம் கேட்டோம். "இந்தப் பட்டியலில் நீங்கள் எதைத் தேடுகிறீர்கள்?" அவர் எம்மைச் சற்று விசித்திரமாகப் பார்த்தார். "பட்டியல் எனக்கு எதற்கு? கொப்பியின் மட்டையிலை நம்பர் இருக்கே. அதை அடிக்க ஓரிடம் தந்தாற் போதும்" என்றார். முப்பதினாயிரம் பெயரையும் ஒருங்கே காட்ட வேண்டும் என்று அங்கே எவரும் கேட்கவில்லை. காட்ட முடியும் என்பதாற் காட்டியிருந்தோம்.

இப்பொழுது பக்கம் திறக்கும்பொழுது இலக்கம் இடும் ஒரு பெட்டியும், அன்றைய கிளினிக்குக்கு வரவேண்டியவர்களின் பெயர்களும் மட்டுமே தோன்றும். கொப்பியைத் தவறவிட்டு வந்தவருக்குப் பெயராலும் தேடலாம். பெயரை அடிக்கும்பொழுது ஒவ்வோர் எழுத்துக்கும் சேர்வரை எழுப்பாமல், கை ஓய்ந்து செக்கனில் மூன்றிலொரு பங்கு கழிந்த பின் கேட்கும்படி செய்தோம். 'கந்' என்று கேட்டதற்கான விடை, 'கந்தசாமி' என்று கேட்டதற்கான விடைக்குப் பின்னால் வந்து அதனை அழித்துவிடுவதும் உண்டு. பழைய கேள்வியின் விடை பிந்தி வந்தால் அதைத் தள்ளிவிட வேண்டும். இந்தச் சிறு பிழையைப் பிடிக்க நாம் பட்ட பாடு கொஞ்சமன்று.

முழுப் பட்டியல் மாதத்துக்கு ஒருமுறை அறிக்கைக்காக வேண்டியிருக்கிறது. அதைத் திரையிற் காட்டுவதில்லை. இரவிற் சேர்வர் தானே ஒரு கோப்பாக ஆக்கிவைக்கும். காலையில் இலிகிதர் அதை எடுத்து அச்சிடுவார். அச்சுப்பொறி நின்று நின்று ஓடுவதாக இப்பொழுது சொல்கிறார்கள்; அது எம் வேலையில் அடங்காது.

தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். கேள்விகள் இருந்தாற் கேளுங்கள், தெரிந்தவரையிற் சொல்கிறோம்.