கொடுமுடிக் கோகிலம்
(வாலிபர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்விழாவின் கலை நிகழ்ச்சிக்குப் பாடுவோரைத் தேடி நாம் லயம் லயமாகச் சென்றோம். இனிய குரல் படைத்த பெண்பிள்ளை ஒருத்தியைக் கேட்டபோது, "பொம்பளப் புள்ள மேடையில ஏறுறதா?" என்றனர் வீட்டார். பதில் கூறத் தெரியாமல் திரும்பினோம். அப்பதிலை இன்று கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரின் வாழ்க்கையைக் கொண்டு கூற விழைகின்றோம்.

அம்மையார் 1908இல் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தார். ஏழைக் குடும்பம். சிறு வயதிலேயே வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்ந்து, முதலில் சிறுவர் வேடங்களில் பாடினார். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். இல்லையேல் கூச்சல் எழும். அதிலும் 'ஸ்பெஷல் நாடகம்' என்பது கடினமான சோதனை. ஒத்திகை பார்த்துப் பழகாத நடிகர் இருவர் மேடையிலேயே எதிர்ப்பட்டு, பாட்டுக்குப் பாட்டு, தர்க்கத்துக்குத் தர்க்கம் விடிய விடிய நடத்துவர். இக்காலக் கதம்ப நிகழ்ச்சிகளில் ஐந்து நிமிஷம் பாடிவிட்டு மாலைக்குக் காத்திருக்கும் நம்மவர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்!

இலங்கைக்கும் அவர் அந்நியரல்லர். 1926ஆம் ஆண்டளவில் கொழும்பில் நாடகமாட வந்த இடத்திலேதான் எஸ். ஜி. கிட்டப்பா அவர்களைச் சந்தித்தார். வள்ளி திருமணம் இவ்விருவராலும் பெரும்புகழ் பெற்றது. வள்ளி நாச்சியாரின் கதிர்காமம் நம் ஊவா மாகாணத்திலேயே இருப்பதால் இதைச் சொல்வதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

மணவாழ்வோ இனிதாக நீடிக்கவில்லை. கிட்டப்பாவுக்கு முன்னரே மனைவி உண்டு. மனத்தாங்கல்களும் பிரிவும் நேர்ந்தன. 1933இல், இருபத்தேழாம் வயதில் கிட்டப்பா காலமானார். அம்மையாருக்கு அப்போது வயது இருபத்தைந்து. வெள்ளைச் சேலை உடுத்தினார். இனி எந்த ஆடவருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார். விதவை மங்கல காரியத்துக்கு எதிரே வரலாகாது என்று ஒதுக்கிய சமுதாயம் அது. இத்துடன் மேடை முடிந்ததென்றே எவரும் எண்ணியிருப்பர்.

அம்மையார் என்ன செய்தார்? 1935இல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடம் பூண்டு நந்தனாராகவே நடித்தார். எதிரே வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். ஊதியம் ஒரு லட்ச ரூபாய்! அந்நாளில் அது கேட்டறியாத தொகை. படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பின்னர் 1953இல் ஜெமினியாரின் 'ஔவையார்' வந்தது. ஜோடி தேவைப்படாத வேடம். அம்மையாருக்கென்றே அமைந்ததுபோல் இருந்தது. 1965இல் 'திருவிளையாடல்' படத்திலும் அவரே ஔவை.

காங்கிரஸ் மேடைகளிலும் அவர் குரல் ஒலித்தது. 1951இல் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார். நாடகக்காரியென்று இகழப்பட்ட இனத்தில் வந்த பெண், சட்டம் இயற்றும் சபையில் அமர்ந்தார். 'துணைவன்' படப் பாடலுக்காக 1969ஆம் ஆண்டின் தேசிய விருது, 1970இல் பத்மஸ்ரீ. 1980இல் மறையும்வரை அவர் கொண்ட விரதமும் மாறவில்லை, பாட்டும் நிற்கவில்லை.

நண்பர்களே, அடுத்த ஞாயிறு அந்த வீட்டாரை மீண்டும் காணச் செல்கிறோம். இதனை அவர்களுக்கு வாசித்துக் காட்டும் பொருட்டே எழுதி வைத்துள்ளோம். வர விரும்புவோர் காலை எட்டு மணிக்குக் கோயிலடியில் கூடுங்கள்.